டப்ளின் ஒண்டுக்குடித்தன வீட்டில் மூதாதையரைத் தேடுவது: 1901, 1911 கணக்கெடுப்புப் படிவங்களைப் படிக்கும் முறை

டப்ளின் ஹென்ரியேட்டா தெரு 7ஆம் எண் வீட்டில் 1911இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது 104 பேர் இருந்தார்கள். 19 குடும்பங்கள். கூலியாட்கள், பெயின்டர்கள், தச்சர்கள், ஒரு தையல்காரர், ஒரு தபால்காரர், வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள், ஒரு வகுப்பறையை நிரப்பும் அளவுக்குப் பள்ளிப் பிள்ளைகள். கொல்லையில் ஒரு குதிரை லாயம், ஒரு பன்றிக் கொட்டில். பிரபுக்களும் பிஷப்புகளும் வாழ்வதற்காக 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாளிகைத் தெரு அது. 1801இல் அயர்லாந்தின் நாடாளுமன்றம் லண்டனோடு சேர்க்கப்பட்டதும் பெரிய மனிதர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் மாளிகைகள் கைமாறிக் கைமாறி அறை அறையாக வாடகைக்குப் போயின. ஆங்கிலத்தில் டெனிமென்ட் என்பார்கள். நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: ஒண்டுக்குடித்தனம்.

இந்த ஊருக்கும் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவு பிற்பாடு ராயல் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆனது. 1881இல் அதுவே ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆயிற்று. ஆங்கிலோ-இந்தியக் குடும்ப மரம் ஒன்றின் கிளை டப்ளினில் போய் முட்டினால் வியப்படைய வேண்டாம். திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்துக்கு இதே ஆராய்ச்சியைச் செய்யலாமா என்று கேட்டால், முடியாது. 1948ஆம் ஆண்டின் இந்தியக் கணக்கெடுப்புச் சட்டம், 15ஆம் பிரிவின்படி, வீட்டுப் படிவங்களை யாருக்கும் காட்டாது. அயர்லாந்திலோ 1901, 1911 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளின் படிவங்களும் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயரைத் தட்டினால் குடும்பம் வந்துவிடும். பெரும்பாலோர் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். தாத்தா எப்படி வாழ்ந்தார் என்பது அந்தத் தாளில் இல்லை, பக்கத்துத் தாளில் இருக்கிறது. தேடவேண்டியது ஆளை மட்டுமல்ல, வீட்டை.

எந்த ஆண்டுகள் கிடைக்கும்

1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் மிகப் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனது. 1861, 1871 படிவங்களைப் புள்ளிவிவரம் எடுத்த கையோடு அரசே அழித்தது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. விடுதலைப் போர் நடந்ததால் 1921இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அடுத்தது 1926 ஏப்ரல் 18. அது புதிய ஐரிஷ் அரசின் கீழிருந்த 26 கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மட்டுமானது. 100 ஆண்டு முடிந்த பிறகே பொதுமக்கள் பார்வைக்கு வரும் என்ற விதிக்கு உட்பட்டது.

ஆகவே இங்கே நாம் படிக்கப்போவது இரண்டு இரவுகளை: 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2. இரண்டும் ஞாயிறு. அந்த இரவு யார் எந்தக் கூரைக்குக் கீழே இருந்தார்களோ அங்கேதான் எழுதப்பட்டார்கள். டப்ளின் நகரில் படிவம் கொடுத்துத் திரும்ப வாங்கியவர்கள் டப்ளின் மெட்ரோபாலிடன் போலீஸ்காரர்கள். போலீஸ்காரர் வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்களா என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குடும்பத்தைக் கண்டுபிடிப்பது

உட்காரும் முன் இவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: குடும்பத் தலைவர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், தோராயமான பிறந்த ஆண்டு, மதப்பிரிவு, தொழில், கேள்விப்பட்ட தெருப்பெயர். தலைவர் பெயரில் தேடாதீர்கள். டப்ளினில் ஜான் மர்ஃபி, மேரி பைர்ன் எல்லாம் நம் ஊர் முருகன், லட்சுமி மாதிரி. பிள்ளைகளில் யாருக்கு அபூர்வமான பெயரோ அந்தப் பெயரையும் வயதையும் போட்டு, குடும்பப் பெயரைக் காலியாக விட்டு, டப்ளின் கவுண்டிக்குள் தேடுங்கள். வயதில் முன்னும் பின்னும் 3 ஆண்டு விடுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள். முதலாவது, ஓ, மாக் ஆகிய முன்னொட்டுகள்: ஓ'நீல் வெறும் நீல் ஆகியிருக்கும். இரண்டாவது, செல்லப் பெயர்: பிரிஜெட் என்பவர் டீலியா ஆகவும், ஜோஹன்னா என்பவர் ஹன்னா ஆகவும் இருப்பார். மூன்றாவது, 1911இல் கேலிக் மொழிப் பற்று காரணமாகப் படிவத்தை ஐரிஷ் மொழியிலேயே நிரப்பியவர்கள் உண்டு. அங்கே கெல்லி என்று தேடினால் வராது, Ó Ceallaigh என்ற ஐரிஷ் எழுத்துக்கூட்டலில் போட வேண்டும்.

இவற்றுக்கும் மசியவில்லை என்றால் தெரு வழியாக உள்ளே போங்கள். ஆண்டு, கவுண்டி, தேர்தல் உட்பிரிவு, தெரு, வீடு என்பது வரிசை. டப்ளின் நகரின் உட்பிரிவுகள் ஆறு ஓரத் துறைகளின் பெயரையும் பழைய வார்டுகளின் பெயரையும் கொண்டவை: இன்ஸ் கீ, அர்ரன் கீ, மவுன்ட்ஜாய், ரொட்டண்டா, உட் கீ, மெர்ச்சன்ட்ஸ் கீ, நார்த் டாக் என்று போகும். ஹென்ரியேட்டா தெரு இன்ஸ் கீயில் இருக்கிறது. நீளமான தெரு இரண்டு உட்பிரிவுகளில் பிளந்து கிடக்கலாம். ஒன்றில் 40ஆம் எண்ணோடு தெரு முடிந்துவிட்டதாகத் தெரிந்தால் மீதி அடுத்த உட்பிரிவில் இருக்கிறது என்று பொருள்.

தெருப்பெயரும் மாறியிருக்கும். இன்றைய ஓ'கானல் தெரு அன்று சாக்வில் தெரு, பியர்ஸ் தெரு அன்று கிரேட் பிரன்ஸ்விக் தெரு, பார்னெல் சதுக்கம் அன்று ரட்லண்ட் சதுக்கம். இன்றைய வரைபடத்தில் உள்ள பெயரைப் போட்டுத் தேடி, தெருவே இல்லை என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

நான்கு தாள்கள்

குடும்பத்தின் பக்கம் திறந்ததும் தட்டச்சு செய்த பட்டியல் முதலில் தெரியும். அதை நம்பி நிற்காமல், கீழே உள்ள மூலப் படங்கள் அனைத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

படிவம் ஏ குடும்பத்தினுடையது. குடும்பத் தலைவர் தானே எழுதிக் கையெழுத்திட்டது. எழுதத் தெரியாதவர் என்றால் போலீஸ்காரர் எழுத, தலைவர் சிலுவைக்குறி போட்டிருப்பார்.

படிவம் பி1 வீட்டினுடையது. கணக்கெடுப்பாளர் எழுதியது. இந்த ஆராய்ச்சியின் உயிர் இதில்தான்.

படிவம் பி2 கொல்லைப்புறக் கட்டடங்களுடையது: லாயம், மாட்டுத் தொழுவம், பன்றிக் கொட்டில், கோழிக் கூண்டு, பட்டறை, கிடங்கு.

படிவம் என் தெரு முழுமைக்குமான கூட்டல். எத்தனை வீடு, எத்தனை குடும்பம், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த மதம் எத்தனை என்பதோடு சரி. உங்கள் கூட்டலைச் சரிபார்க்க மட்டும் இது உதவும்.

இணையதளத்தில் வீட்டு எண் 14.1, 14.2, 14.3 என்று புள்ளி வைத்து வரும். 14.3 என்றால் 14ஆம் வீட்டின் மூன்றாவது குடும்பம். உங்கள் குடும்பம் 14.3 என்றால் 14.1 தொடங்கிக் கடைசிப் புள்ளி எண் வரை ஒவ்வொன்றையும் திறந்து படம் எடுத்து வையுங்கள். இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போகும். இதைத் தவிர்த்துவிட்டு மேலே போனால் இனி சொல்லப்போவது எதுவும் பயன்படாது.

பி1ஐப் படிப்பது

பி1 ஒரு தெருவுக்கு ஒன்று அல்லது பல தாள்களில் ஓடும். இடப்பக்கம் கட்டடத்தைப் பற்றியது. சுவர் கல், செங்கல் அல்லது கான்கிரீட் என்றால் 1, மண் அல்லது மரம் என்றால் 0. கூரை ஸ்லேட், ஓடு, இரும்பு என்றால் 1, வைக்கோல் வேய்ந்தது என்றால் 0. அடுத்து அறைகள். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். அந்தக் கட்டத்தில் இருப்பது அறைகளின் எண்ணிக்கை அல்ல, குறியீடு:

1 அறைக்கு 1
2 முதல் 4 அறைக்கு 2
5, 6 அறைக்கு 3
7 முதல் 9 அறைக்கு 4
10 முதல் 12 அறைக்கு 5
13 அல்லது அதற்கு மேற்பட்ட அறைக்கு 6

6 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஆறு அறை வீட்டில் ஒன்பது குடும்பமா என்று அதிர்ந்துபோனவர்கள் உண்டு. அது 13 அறையோ அதற்கு மேலோ உள்ள வீடு. அடுத்த கட்டத்தில் தெருவைப் பார்த்த முன்பக்க ஜன்னல்கள் எத்தனை என்பது இருக்கும். நான்கு எண்களையும் கூட்டி வீட்டுக்கு ஒரு வகுப்பு கொடுப்பார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடம் இது: செங்கல் சுவர், ஸ்லேட் கூரை, நிறைய அறை, நிறைய ஜன்னல் என்பதால் ஊரிலேயே மோசமான ஒண்டுக்குடித்தனங்களும் பெரும்பாலும் 'முதல் வகுப்பு வீடு' என்றே பதிவாயின. அந்தச் சொல்லை வைத்து முப்பாட்டன் வசதியானவர் என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிடாதீர்கள்.

வலப்பக்கம் மனிதர்களைப் பற்றியது. வீட்டில் உள்ள தனித்தனிக் குடும்பங்கள் எத்தனை, ஒவ்வொரு குடும்பத் தலைவரின் பெயர், அந்தக் குடும்பத்தின் பிடியில் உள்ள அறைகள், அதில் உள்ள ஆட்கள், படிவம் ஏயின் எண். கடைசியில் நிலவுடைமையாளர் பெயருக்கும் ஒரு கட்டம் இருக்கும். கிராமங்களுக்காக வைத்தது என்பதால் நகரத்தில் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும்.

இந்த வலப்பக்க எண்களைத் தனித் தாளில் எடுத்து எழுதுங்கள். கணக்குக்காக ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொள்வோம். எட்டுக் குடும்பங்கள். அறைகள் முறையே 1, 2, 1, 1, 1, 2, 1, 1. ஆட்கள் 6, 9, 3, 8, 4, 7, 2, 5. கூட்டினால் 10 அறையில் 44 பேர். வீட்டின் அறைக் குறியீடு 5 என்றால் வீட்டில் 10 முதல் 12 அறை. கணக்கு ஒத்துப்போகிறது, இரண்டு அறைகள் வரை காலியாக இருந்திருக்கலாம். குறியீடு 6 என்று இருந்தால் குறைந்தது மூன்று அறைகளுக்குக் கணக்கு இல்லை. கீழே கடை இருந்ததா, வசிக்க முடியாத நிலவறையா, அந்த வாரம் யாராவது காலி செய்துகொண்டு போயிருந்தார்களா என்று தேட வேண்டும். அறை சராசரி 4.4 பேர் என்பதோடு நிற்க வேண்டாம். நான்காம் குடும்பத்தில் ஒரே அறையில் 8 பேர். அதுதான் உண்மையான நிலவரம், சராசரி அதை மறைத்துவிடும்.

ஒரே அறையில் எட்டுப் பேர் என்பதை எழுத்துப்பிழை என்று சந்தேகிக்க வேண்டாம். 1913இல் நடந்த அரசு வீட்டுவசதி விசாரணையின் கணக்குப்படி டப்ளின் ஒண்டுக்குடித்தனங்களில் 25,822 குடும்பங்கள் இருந்தன. அவற்றில் 20,108 குடும்பங்கள் ஒற்றை அறையில் இருந்தவை. ஐந்தில் நான்கு என்றே சொல்லலாம்.

பி1 எட்டுக் குடும்பம் என்கிறது, உங்களிடம் ஏழு படிவம் ஏதான் இருக்கிறது என்றால்? படிவம் ஏயின் எண் வரிசையில் எது விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். விடுபட்ட தாள் அடுத்த வீட்டோடு ஒட்டிப் படமெடுக்கப்பட்டிருக்கும், அல்லது பட்டியல் தட்டச்சு செய்தவர் 14.8 என்பதை 15.1 ஆக்கியிருப்பார். அந்தத் தலைவரின் பெயர் பி1இல் இருக்கிறதல்லவா, அதை வைத்துத் தேடினால் சிக்கிவிடும்.

வீட்டு எண் உண்மையிலேயே வீட்டு எண்தானா

பி1இல் உள்ள எண்ணைக் கதவு எண் என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. கணக்கெடுப்பாளர் தம் வசதிக்குப் போட்ட வரிசை எண்ணாகவும் அது இருக்கலாம். டப்ளின் நகரில் பல தெருக்களில் இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் உறுதி செய்யாமல் எழுதக்கூடாது. செய்யும் முறை இது.

தாம்ஸ் டைரக்டரியின் 1901, 1911 பதிப்புகளில் அந்தத் தெருவை எடுங்கள். அது தெருவாரியாக, கதவு எண்வாரியாக அச்சிட்ட ஆண்டு விலாசப் புத்தகம். ஒண்டுக்குடித்தனக்காரர்களின் பெயர் அதில் இருக்காது. அந்த எண்ணுக்கு எதிரே 'டெனிமென்ட்ஸ்' என்று ஒரே சொல்லும் வரி மதிப்பும் இருக்கும். குடியிருந்தவர்களைத் தேடி ஏமாறாமல், அடையாளம் சொல்லும் கட்டடங்களைப் பிடியுங்கள்: மூலையில் உள்ள மதுக்கடை, பள்ளிக்கூடம், அடகுக்கடை, மளிகை. மதுக்கடைக்காரரின் பெயர் தாம்ஸில் 21ஆம் எண்ணில் இருக்கிறது, பி1இல் அதே பெயர் 18இல் இருக்கிறது என்றால் இரண்டு வரிசைக்கும் மூன்று எண் இடைவெளி. தெருவின் இரண்டு மூலைகளிலும் இப்படிச் சோதித்தால் இடைவெளி எங்கே தொடங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கட்டடம் இன்றும் நின்றால் ஜன்னல்களை எண்ணிப் பாருங்கள். ஜார்ஜிய பாணி வீட்டில் தரைத்தளத்தில் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு ஜன்னல், மேலே மூன்று மாடிக்கும் மூன்று மூன்று என்றால் 11. நிலவறை ஜன்னல் இரண்டையும் கணக்கெடுப்பாளர் சேர்த்திருந்தால் 13. பக்கத்து வீடு அகலமாக நான்கு வரிசை ஜன்னல் கொண்டதாக இருந்தால் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த தெருவில் இந்தச் சோதனை பலிக்காது.

கட்டடம் இல்லை என்றால், அரசு நிலவரைபடத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பெரிய அளவு நகர வரைபடங்கள், ஒரு மைலுக்கு ஐந்தடி என்ற கணக்கில் வரைந்தவை, ஒவ்வொரு வீட்டின் சுவரையும் முற்றத்தையும் காட்டும். பல வீடுகள் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. 1913 செப்டம்பர் 2 அன்று சர்ச் தெருவில் 66, 67ஆம் எண் வீடுகள் இடிந்து விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். முன்பு சொன்ன விசாரணையே அதைத் தொடர்ந்து வந்ததுதான். பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் இடிப்பும் காலி செய்வதும் நடந்துகொண்டே இருந்தது.

படிவம் ஏயில் கவனிக்க வேண்டியவை

கையெழுத்து முதலில். உள்ளே எழுதிய கையும் கீழே கையெழுத்திட்ட கையும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் மூதாதையரின் கையெழுத்து உங்களிடம் இருக்கிறது; பல குடும்பங்களுக்கு வேறெங்கும் அது கிடைக்காது. ஒரே வீட்டின் ஆறு ஏழு படிவங்களும் ஒரே கையில் இருந்தால் போலீஸ்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து வாய்மொழியாகக் கேட்டு எழுதியிருக்கிறார். அப்போது பெயர்களின் எழுத்துக்கூட்டல் அவருடையது, குடும்பத்தினுடையது அல்ல.

வயது. 1901க்கும் 1911க்கும் இடையே பத்தாண்டு கடந்தும் வயது பதினைந்து, பதினாறு கூடியிருக்கும் முதியவர்களை நிறையப் பார்க்கலாம். காரணம், 1909 ஜனவரி முதல் 70 வயதானவர்களுக்கு முதியோர் பென்ஷன் வந்தது. அயர்லாந்தில் எல்லாருக்குமான பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது என்பதால் அந்தத் தலைமுறையிடம் சான்றிதழ் இல்லை. 1901இல் 54 என்றவர் 1911இல் 70 என்கிறார். எது சரி? பொதுவாக 1901ஐ நம்புவது நல்லது, அதிலும் 40, 50, 60 என்று உருண்டையாக இருந்தால் இரண்டு மூன்று ஆண்டு தள்ளிவைத்துக்கொள்ளுங்கள். பென்ஷன் கேட்டவர்களுக்காக 1841, 1851 கணக்கெடுப்பில் தேடிப்பார்த்த அதிகாரிகளின் குறிப்புத் தாள்கள் தப்பியிருக்கின்றன. எரிந்துபோன கணக்கெடுப்பின் ஒரு துண்டு அந்தத் தாளில் ஒளிந்திருக்கலாம், கட்டாயம் தேடுங்கள்.

திருமணக் கட்டங்கள் 1911இல் மட்டும் உண்டு: இந்தத் திருமணம் நடந்து எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. மணமான பெண்களுக்கு மட்டுமான கேள்வி. விதவைகளும் கணவன்மார்களும் தெரியாமல் நிரப்பிவிட, கணக்கெடுப்பாளர் கோடு போட்டு அடித்திருப்பார். கோட்டுக்குக் கீழே எண் தெளிவாகத் தெரியும். தட்டச்சுப் பட்டியலில் விட்டுப்போகக்கூடிய இந்த எண்ணுக்காகவே மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். 9 பிறந்து 5 பேர் உயிரோடு என்றால் நான்கு பிறப்பும் நான்கு இறப்பும் தேட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் வயதில் எங்கே நாலு வருஷ இடைவெளி விழுகிறதோ அங்கே தொடங்குங்கள்.

உறவு. 'போர்டர்' என்றால் அந்தக் குடும்பத்தோடு சாப்பிட்டுத் தங்கியவர். 'நர்ஸ் சைல்ட்' என்றால் செவிலியர் அல்ல, காசு வாங்கிக்கொண்டு வளர்க்கும் வேறொருவர் பிள்ளை. ஒற்றை அறைக் குடும்பத்தில் போர்டர் இருப்பது வாடகையைப் பகிர்ந்துகொள்ளத்தான். பல சமயம் அவர் மனைவியின் தம்பியாகவோ மாமன் மகனாகவோ இருப்பார். மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொழில். 'டீலர்' என்றால் வியாபாரி என்று பெரிதாக நினைக்க வேண்டாம், டப்ளினில் தெருவில் கூடை வைத்துப் பழமோ மீனோ விற்ற பெண்கள்தான் பெரும்பாலும். 'ஸ்காலர்' பள்ளிக்குப் போகும் பிள்ளை.

பிறந்த இடம். அயர்லாந்துக்குள் பிறந்தவருக்குக் கவுண்டி அல்லது நகரம், வெளியே பிறந்தவருக்கு நாடு மட்டும். இந்தியாவில் பட்டாளத்துக் குடியிருப்பில் பிறந்த பிள்ளைக்கு 'இந்தியா' அல்லது 'ஈஸ்ட் இண்டீஸ்' என்றுதான் இருக்கும், ஊர் இருக்காது. மதராஸா பெங்களூரா என்பதற்குப் படைப்பிரிவு ஆவணங்களையும் ஞானஸ்நானப் பதிவுகளையும் பார்க்க வேண்டும். ஐரிஷ் மொழிக் கட்டம் காலியாக இருந்தால் ஆங்கிலம் மட்டும் தெரியும் என்று பொருள், விட்டுப்போனதாக எண்ண வேண்டாம்.

அம்மாவைக் காணோம், மகனைக் காணோம்

வீட்டில் இருக்கவேண்டியவர் படிவத்தில் இல்லை என்றால் இறந்துவிட்டதாக முடிவு செய்யாதீர்கள். பிரசவத்துக்கு ரொட்டண்டா மருத்துவமனையில் இருந்திருக்கலாம். வட டப்ளின் யூனியன், தென் டப்ளின் யூனியன் என்ற ஏழையர் இல்லங்களில், மவுன்ட்ஜாய் சிறையில், அர்டேன் தொழிற்பள்ளியில், துறைமுகத்தில் நின்ற கப்பலில், பட்டாளத்துக் குடியிருப்பில் இருந்திருக்கலாம். இந்த நிறுவனங்களுக்குத் தனிப் படிவம். போலீஸ் நிலையங்களிலும் மனநல மருத்துவமனைகளிலும் முழுப்பெயர் எழுதாமல் முதலெழுத்துகள் மட்டும் எழுதினார்கள். அங்கே வயது, தொழில், பிறந்த கவுண்டி, மதம் ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் ஆளை அடையாளம் காண முடியும்; நான்கும் பொருந்தினாலும் 'இருக்கலாம்' என்று எழுதி வையுங்கள்.

இரண்டு இரவுகளுக்கு நடுவே உள்ள பத்து ஆண்டுகள்

1901இல் ஒரு தெரு, 1911இல் வேறு தெரு. நடுவில் ஒரே ஒரு முறை வீடு மாறினார்கள் என்று நினைப்பது தவறு. வார வாடகைக்காரர்கள் சுலபமாக இடம் மாறினார்கள், பல சமயம் அடுத்த தெருவுக்கு, சில சமயம் அதே வீட்டின் வேறு அறைக்கு. இந்த இடைவெளியை நிரப்பும் வழி பிள்ளைகள்தான். 1911 படிவத்தில் 9, 7, 4, 1 வயதுப் பிள்ளைகள் இருந்தால் நான்கு பிறப்புப் பதிவுகள். ஒவ்வொன்றிலும் பிறந்த இடத்தின் விலாசமும் தகவல் கொடுத்தவர் விலாசமும் உண்டு. ஐரிஷ்ஜீனியாலஜி என்ற அரசு இணையதளத்தில் 100 ஆண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளின் படங்கள் இலவசம். தகவல் கொடுத்தவர் சில சமயம் பக்கத்து அறைப் பெண்ணாகவோ பாட்டியாகவோ இருப்பார். அந்தப் பெயரை நீங்கள் ஏற்கெனவே படமெடுத்து வைத்திருக்கும் பக்கத்துப் படிவங்களில் தேடுங்கள். அங்கே கிடைத்தால், இரண்டு குடும்பங்களுக்கும் இருந்த பழக்கத்துக்கு எழுத்துச் சான்று கிடைத்ததாக அர்த்தம். 14.1 முதல் கடைசி வரை இறக்கச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை: பிறப்பு ரொட்டண்டாவில் என்றால் விலாசம் மருத்துவமனையுடையது. அப்போது தந்தையின் இருப்பிடத்தைத் தனியாகக் குறித்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஞானஸ்நானப் பதிவுக்குப் போங்கள்.

எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போடுங்கள்: தேதி, விலாசம், சான்று, யார் சொன்னது. ஆறேழு வரி சேர்ந்ததும் குடும்பம் எந்த நாலைந்து தெருவுக்குள்ளேயே சுற்றியது என்பது தெரியும். தொழில் துறைமுகமா, சந்தையா, ரயில் நிலையமா என்பதை அந்த வட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

வீட்டுக்காரர் யார், எந்த அறை

வாடகை வாங்கியவரின் பெயர் கணக்கெடுப்பில் வராது. வரிமதிப்பு அலுவலகத்தின் ரத்துப் புத்தகங்களைப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதைக் குத்தகைக்கு விட்டவர் பெயரும் குடியிருப்பவர் பெயரும் இருக்கும். மாற்றம் வரும்போது பழைய பெயரை அடித்துப் புதியதை வேறு நிற மையில் எழுதி ஆண்டைக் குறிப்பார்கள். நிறத்தைப் பின்தொடர்ந்தால் உரிமை கைமாறிய வரிசை கிடைக்கும். அதனால் கறுப்பு வெள்ளை நகல் உதவாது, வண்ணப் படம் கேளுங்கள். அங்கே வரும் பெயர் நேரடி உரிமையாளராக இருக்கவேண்டும் என்பதில்லை. உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே வாடகை வசூலித்துப் பிழைத்த இடைத்தரகர்கள் இருந்தார்கள். மாநகராட்சி உறுப்பினர்கள் சிலரே ஒண்டுக்குடித்தன வீடுகளை வைத்திருந்தது 1913 விசாரணையில் வெளிவந்தது.

எந்த அறை என்பது கடைசிக் கேள்வி, கடினமானதும் கூட. 14.1 தரைத்தளம், 14.8 மேல்மாடி என்று பலர் படம் வரைந்துவிடுகிறார்கள். புள்ளிக்குப் பின்னுள்ள எண் தாள் சேர்ந்த வரிசை, மாடி வரிசை அல்ல. சான்று வேண்டுமானால் இரண்டு இடங்களில் கிடைக்கலாம். டப்ளின் மாநகர நூலகம் இணையத்தில் தந்திருக்கும் 1908 முதல் 1915 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் 'தங்கியிருப்போர்' பிரிவில் எந்த அறை, வாடகை எவ்வளவு என்ற குறிப்பு இருக்கும். அன்று நாடாளுமன்ற வாக்கு ஆண்களுக்கு மட்டும்தான், ஆனால் தகுதியுள்ள பெண்களுக்கு உள்ளாட்சித் தேர்தல் வாக்கு இருந்தது என்பதால் விதவைத் தலைமையிலான குடும்பத்துக்கும் இதில் தேடிப்பாருங்கள். மற்றொன்று செய்தித்தாள்களின் மரண விசாரணைச் செய்திகள். தீ விபத்து, குழந்தை மரணம், மாடிப்படியில் விழுந்தது என்று வரும் செய்திகளில் 'மேல்மாடிப் பின்னறை' என்று துல்லியமாக எழுதுவார்கள். உங்கள் குடும்பத்தைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. அதே வீட்டு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பக்கத்துக் குடும்பம் மேல்மாடிப் பின்னறையில் இருந்தது என்று தெரிந்தால் உங்களுடையதற்கு மிஞ்சும் அறைகளில் ஒன்று குறைந்தது.

இரண்டிலும் கிடைக்கவில்லை என்றால் வீட்டு வரைபடத்தில் எல்லா அறைகளையும் வரைந்து, சான்று உள்ள குடும்பங்களை மையால் எழுதி, உங்கள் குடும்பத்தின் பெயரைப் படிவ எண்ணோடு ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். அதன் கீழே சான்றின் முழு விலாசம்: ஆண்டு, உட்பிரிவு, தெரு, வீட்டு எண், படிவம் ஏயின் எண், பி1 தாளின் எண், படம் இறக்கிய தேதி. தளத்தின் இணைப்பு முகவரிகள் மாறக்கூடியவை என்பதால் இணைப்பை மட்டும் குறித்துவைத்தால் போதாது.